நாற்பதாயிரம் ரூபாய்க்குள் பெரிய பிரேக்: ஒரு போலோவின் கணக்கு

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஐந்தாவது சுற்று முடியும் நேரத்தில், நேர்பாதையிலிருந்து வளைவுக்கு வேகத்தைக் குறைப்பதற்காக நான் மிதித்த பிரேக் பெடல், வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்காமல் பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல் கீழே சென்றது. இரண்டு முறை விட்டு விட்டு மிதித்த பிறகு ஏதோ ஓரளவு பிடித்தது. வண்டி வளைவைத் தாண்டி மண்ணில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டுத் திரும்பியது. சேதம் எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை வீடு திரும்பும் வழியில், ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையின் லாரிகளுக்கு நடுவே ஒவ்வொரு முறை பிரேக்கைத் தொட்டபோதும் அந்தப் பஞ்சு மூட்டையின் நினைவு காலில் இருந்தது. பெரிய பிரேக் போட்டுவிடுவது என்று அன்று இரவே முடிவு செய்தேன். அந்த முடிவு பாதி சரி, பாதி தவறு என்று தெரிந்துகொள்ள ஏறக்குறைய ஓராண்டு ஆனது.

வண்டி 2014ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வாரத்தில் ஐந்து நாள் என்னை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்வதும், மாதம் ஒருமுறை குடும்பத்துடன் ஊருக்குப் போவதும், ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு நாள் தளத்தில் ஓடுவதும் இதே வண்டிதான். தளத்துக்கென்று தனி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் பயன்படாது. ஒரே வண்டி இரண்டு வேலையும் செய்ய வேண்டும், காலை ஏழு மணிக் குளிர்ந்த பிரேக்கும் பிடிக்க வேண்டும், மொத்தச் செலவும் நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்பவைதான் நான் எனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனைகள்.

பல ஆண்டுகளாக என் வண்டிகளைப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணனிடம் பெரிய பிரேக் பற்றிப் பேசத் தொடங்கியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?" என்பதுதான். எனக்கு விடை தெரியவில்லை. வண்டியை வாங்கியதிலிருந்து நான் மாற்றவில்லை என்பது மட்டும் தெரியும்.

அவர் கேள்வியின் நியாயத்தைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். பிரேக் சூடாகித் தோற்பதில் இரண்டு வகை உண்டு; இரண்டையும் பிரித்தறியக் கால் ஒன்றே போதும். பெடல் மெத்தென்று ஆகி ஆழமாகப் போனால் ஆயில் கொதித்துவிட்டது என்று பொருள்: திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆனால் கொதித்து உண்டான ஆவிக் குமிழி சுருங்கும், ஆகவே காலின் அழுத்தம் முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் கல்போல் உறுதியாக நின்று, எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்க மறுத்தால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டி உராய்வை இழந்துவிட்டது என்று பொருள். என்னுடையது முதல் வகை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; பிரேக் ஆயிலுக்கான டாட் 4 தரத்தின்படி புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்க அனுமதி உண்டு. சென்னையின் ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஆயில், தளத்தின் ஐந்தாவது சுற்றைத் தாங்காததில் வியப்பில்லை. இந்த நோய்க்குப் பெரிய டிஸ்க் மருந்தல்ல. பழைய ஆயிலோடு பெரிய டிஸ்க் போட்டிருந்தால் ஐந்தாவது சுற்றில் நடந்தது எட்டாவது சுற்றில் நடந்திருக்கும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொதுவான தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். பெரிய பிரேக் போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். விற்பவர்களும் அந்த நினைப்பைக் கலைப்பதில்லை. வண்டியை உண்மையில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம். கம்பெனி பொருத்திய பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்குகிறது என்றால், டயர் தரக்கூடிய முழுப் பிடிமானத்தையும் அந்தச் சிறிய பிரேக் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டது என்றுதான் பொருள். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஆயிலின் அழுத்தத்தால் பிஸ்டனைத் தள்ளிப் பேட்டை டிஸ்கில் அழுத்துவதுதான் காலிப்பரின் வேலை; டயரில் இல்லாத பிடியை எந்தக் காலிப்பரும் உருவாக்கித் தர முடியாது. முதல் மிதியில் நிற்கும் தூரத்தைக் குறைக்க விரும்புபவர் பிரேக்குக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல டயருக்குக் கொடுப்பதே சரி. பெரிய பிரேக் தருவது இன்னொன்று: முதல் மிதியும் இருபதாவது மிதியும் ஒரே மாதிரி இருக்கும் என்ற உறுதி. நாம் பணம் கொடுத்து வாங்குவது வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவை.

அந்தக் கொள்ளளவைத் தோராயமாகக் கணக்கிடுவது கடினமல்ல. ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 70 கி.மீ. வேகத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய 800 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. இரண்டரை லிட்டர் உலைநீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் முக்கால் பங்குக்கு மேல் முன்சக்கரங்களுக்குப் போகிறது, ஆகவே முன்பக்கத்தின் ஒவ்வொரு டிஸ்கும் ஒரே மிதியில் 300 கிலோஜூலுக்குச் சற்று மேல் விழுங்குகிறது. என் வண்டியின் முன் டிஸ்க் 256 மி.மீ. விட்டமும் 22 மி.மீ. தடிமனும் கொண்டது, எடை ஐந்து கிலோ அளவில் இருக்கும். வார்ப்பிரும்பின் வெப்ப ஏற்பை வைத்துப் பார்த்தால் ஒரு மிதிக்கு அதன் வெப்பம் சுமார் 125 டிகிரி ஏறுகிறது. ஏழு கிலோ எடையுள்ள டிஸ்காக இருந்தால் அதே மிதிக்கு 90 டிகிரிதான் ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் காற்று எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதுதான் மீதிக் கதை. வரவு செலவை மிஞ்சினால் சுற்றுக்குச் சுற்று வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். சாலையில் இந்தச் சேர்க்கை நடப்பதற்கு இடமே இல்லை, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கும் முரட்டுத்தனத்தைத் தவிர.

அண்ணன் சொன்ன வழியிலேயே தொடங்கினேன். பழைய ஆயிலை முழுதாக வெளியேற்றி, மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஊற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். அந்த ஆயிலின் உலர் கொதிநிலை, அதாவது ஈரம் ஏறாத நிலையில், 312 டிகிரி. அத்தகைய பந்தய ஆயில் ஈரத்தை விரைவில் பிடிக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும் என்பது அதன் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய செலவு. டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை மட்டும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் ஊற்றவே கூடாது. எண் பெரிதாக இருப்பதால் தரமும் உயர்ந்தது என்று எண்ணி ஏமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பத்தைச் சேர்ந்தது.

அடுத்தது பேட். பேடின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை நம்மில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. முதல் எழுத்து குளிர்ந்த நிலையின் உராய்வையும், இரண்டாவது எழுத்து சூடான நிலையின் உராய்வையும் குறிக்கிறது. ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. என் பழைய பேட்டில் இரண்டும் எஃப். சாலைக்கு அது முற்றிலும் போதுமானது. ஆனால் இந்த எழுத்துகள் தளத்தில் எழும் வெப்பத்தில் பேட் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வதில்லை, அதற்குத் தயாரிப்பாளரின் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஃபெரோடோவின் டிஎஸ் 2500 வகையைத் தேர்ந்தெடுத்தேன். குளிர்ந்த நிலையிலும் பிடிக்கும், ஐந்நூறு டிகிரி வரையும் தாங்கும், சாலைக்கும் தளத்துக்கும் இடையில் நிற்கும் சமரசம் அது. அதற்கு மேல் போகும் முழுப் பந்தய பேட்டுகள் காலைக் குளிரில் மரக்கட்டையைப் போல இருக்கும், கீச்சிடும், டிஸ்கையும் தின்னும். பள்ளிக்கூட வாசலில் குழந்தையை இறக்கிவிடும் வண்டிக்கு அவை ஆகாது. டிஎஸ் 2500ம் மிதமாகக் கீச்சிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஆயிலும் பேட்டும் மாற்றிய செலவு ஒரு செட் டயரின் விலையில் பாதிகூட இல்லை. அடுத்த தள நாளில் ஐந்து சுற்று அல்ல, எட்டுச் சுற்று ஓடியும் பெடல் மாறவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, வேடிக்கைக்காக மட்டும் தளத்துக்குப் போகிறவர் இங்கேயே நின்றுவிடலாம். மீதிப் பணத்தை நுழைவுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நானும் நின்றிருப்பேன், வண்ணப்பூச்சு மட்டும் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

டிஸ்கின் வெளி விளிம்பில் பூசுவதற்கென்றே வெப்பத்தைக் காட்டும் வண்ணப்பூச்சு கிடைக்கிறது. ஏபி ரேசிங் விற்கும் தொகுப்பில் மூன்று நிறங்கள்: பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560 டிகிரியிலும், சிவப்பு 610 டிகிரியிலும் நிறம் மாறும். பிரேக்குக்காகச் செலவழித்த பணத்திலேயே மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் இதுதான் என்பது என் கருத்து, ஏனெனில் இதற்கு முன்பு நான் செய்த எல்லாத் தீர்மானங்களும் காலின் உணர்வையும் பிறர் பேச்சையும் நம்பியே இருந்தன. எட்டுச் சுற்றுக்குப் பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது பச்சை முழுதும் வெளுத்திருந்தது, ஆரஞ்சும் மாறியிருந்தது, சிவப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதாவது டிஸ்க் 560 டிகிரியைத் தாண்டி 610 டிகிரிக்குள் நின்றிருக்கிறது. நான் போட்ட பேட்டின் எல்லையைக் கடந்துவிட்டது. பேட்டும் ஒருபக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது, டிஸ்கின் முகத்தில் மயிரிழை வெடிப்புகள் தொடங்கியிருந்தன. பெடல் நன்றாக இருந்தது நல்ல ஆயிலின் தயவால்தான், டிஸ்கின் வலுவால் அல்ல. இந்த டிஸ்குக்கு இவ்வளவுதான் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெரிய பிரேக் வேண்டும் என்ற முடிவு இப்போதுதான் சரியானதாயிற்று.

நான்கு பிஸ்டன் காலிப்பர்தான் எல்லோரையும் போல என் கண்ணையும் முதலில் இழுத்தது. சக்கரத்தின் இடைவெளி வழியே தெரியும் சிவப்பு நிறத்தின் கவர்ச்சியை மறுப்பதற்கில்லை. ஆனால் இங்கே அழகைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. என் வண்டியில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் கொண்டு, தானே நகர்ந்து மறுபக்கப் பேட்டையும் அழுத்தும் மிதவைக் காலிப்பர்; ஒரே பிஸ்டன், விட்டம் 54 மி.மீ., பரப்பு சுமார் 2,290 சதுர மி.மீ. இரு பக்கமும் பிஸ்டன் கொண்ட, நகராத நிலையான காலிப்பரை இதோடு ஒப்பிடும்போது ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பை மட்டுமே கூட்ட வேண்டும். நான்கையும் கூட்டி இரண்டு மடங்கு பலம் என்று சொல்வது பிழை. ஒரு பக்கத்தில் 38 மி.மீ. பிஸ்டன் இரண்டு இருந்தால் மொத்தம் சுமார் 2,270, ஏறக்குறைய சமம். பழைய போர்ஷே பாக்ஸ்டரின் முன் காலிப்பரில் 36, 40 மி.மீ. பிஸ்டன்கள் இருப்பதால் அங்கும் கூட்டுத்தொகை 2,270ஐ ஒட்டியே வருகிறது. ஃபோக்ஸ்வாகன் வண்டிக்காரர்கள் அந்தக் காலிப்பரைத் தேடி அலைவதற்கு அதன் பெயர் மட்டும் காரணமல்ல. மாறாக, ஒரு பக்கம் 44 மி.மீ. பிஸ்டன் இரண்டு கொண்ட காலிப்பரை மாட்டினால் பரப்பு 3,000ஐத் தாண்டும். பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் அதே மாஸ்டர் சிலிண்டர் அதிக ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் பெடல் நீளமாகும், முன்பக்கப் பிரேக் மட்டும் மிகையாகப் பலம் பெற்று, பின்பக்கம் தன் பங்கைச் செய்யும் முன்பே முன்டயர் பூட்டிக்கொள்ளும். அப்போது பணம் கொடுத்து நிற்கும் தூரத்தை நீட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

பரப்புச் சரியாக அமைந்தாலும் இன்னொரு தடை இருந்தது. பந்தயத்துக்கென்று செய்யப்படும் எடை குறைந்த காலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றித் தூசிக் காப்பு ரப்பர் இருப்பதில்லை. வில்வுட் டைனாலைட் அத்தகையது. அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் பந்தய வண்டிக்கு அது குறையல்ல. மழைக்காலத்தில் வேளச்சேரிச் சாலைத் தண்ணீரிலும், கோடையில் கட்டுமான மணலிலும் தினமும் ஓடும் வண்டிக்கு அது நிச்சயமாகக் குறைதான். காப்பு ரப்பர் உள்ள வகைகளும் உண்டு, ஆனால் அவற்றோடு பிராக்கெட்டும் தனி டிஸ்கும் சேர்ந்தால் செலவு என் வரம்பைப் போல் இரண்டு மடங்காகிவிடுகிறது. வரம்புக்குள் வந்தது ஒன்றே ஒன்று: ஒரு விற்பனையாளர் புகழ்பெற்ற இத்தாலியப் பெயர் பொறித்த நான்கு பிஸ்டன் காலிப்பர் ஜோடியை நம்ப முடியாத விலைக்குக் கொண்டுவந்து காட்டினார். கையில் வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் வார்ப்போடு வார்ப்பாக இல்லாமல் ஒட்டியவை, பிஸ்டன் ஒன்றை விரலால் அழுத்தியபோது பக்கவாட்டில் ஆடியது. போலிச் செருப்பு வாங்கினால் வார் அறுந்து போகும், போலிக் காலிப்பர் வாங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பார்வையை வண்டியின் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே திருப்பினேன். ஐரோப்பாவில் விற்ற போலோ ஜிடிஐ, ஸ்கோடா ஃபேபியாவின் வேக வகை போன்றவற்றில் முன்பக்கம் 288 மி.மீ. விட்டமும் 25 மி.மீ. தடிமனும் கொண்ட டிஸ்கும், எஃப்என் 3 எனப்படும் காலிப்பரும் வந்தன. அந்த டிஸ்க் அதே ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்ட அமைப்பு உடையது. முதல் தலைமுறை ஆக்டேவியாவின் சில வகைகளிலும் அதுவே இருந்ததால் நம் நாட்டிலும் உதிரிபாகமாகக் கிடைக்கிறது, சாதாரண விலையில். எஃப்என் 3 காலிப்பரின் பிஸ்டனும் 54 மி.மீ.தான். மாஸ்டர் சிலிண்டருக்கு வித்தியாசமே தெரியாது, பெடலின் நீளம் மாறாது, தூசிக் காப்பு இருக்கிறது, பேட் முன்னைவிடப் பெரியது, எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். கண்ணுக்கு அழகாக இல்லை என்பதைத் தவிர வேறு குறை எனக்குத் தென்படவில்லை.

அதே காலிப்பரை 312 மி.மீ. டிஸ்கோடும் பயன்படுத்தலாம், பேட்டும் காலிப்பரும் ஒன்றே, அவற்றைத் தாங்கும் கேரியர் மட்டும் வேறு. ஆசை வரத்தான் செய்தது. ஆனால் 312க்குக் குறைந்தது 16 அங்குலச் சக்கரம் வேண்டும், என்னிடம் இருந்தவை 15 அங்குலம். 288 என்பதே பல 15 அங்குலச் சக்கரங்களில் மட்டும்தான் நுழையும், அதையும் சக்கரத்துக்குச் சக்கரம் சோதித்தே தெரிந்துகொள்ள வேண்டும்; அட்டையில் காலிப்பரின் வெளிவடிவத்தை வெட்டிச் சக்கரத்துக்குள் சுழற்றிப் பார்த்ததில் எனக்கு மூன்று மி.மீ. இடைவெளி மிஞ்சியது. இதைவிடப் பெரிய காரணம் முன்பின் பங்கீடு. டிஸ்க் பெரிதானால் பேட் மையத்திலிருந்து தள்ளிப் பிடிக்கிறது, நெம்புகோல் நீளுகிறது. 256இலிருந்து 288க்குப் போகும்போது முன்பக்கத்தின் பலம் சுமார் 12 முதல் 15 சதவீதம் கூடும், 312க்குப் போனால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். மொத்தப் பிரேக் விசையில் முன்பக்கத்தின் பங்கு 78 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முதல் மாற்றத்தில் அது 80 ஆகும், இரண்டாவதில் 81ஐத் தாண்டும். முன்பாரம் கூடிய வண்டி கடுமையாக நிற்கும்போது முன்சக்கரங்களின் மேல் எண்பது சதவீதத்துக்கும் மேல் எடை சாய்கிறது என்பதால் உலர்ந்த சாலையில் இரண்டுமே ஏற்கத் தக்கவைதான். மழையில் பிடிமானம் குறைந்து எடைச் சாய்வும் குறையும்போதுதான் மிகையான முன்பங்கு தொல்லை தரும், நான் ஆண்டில் மூன்று மாதம் மழையில் ஓட்டுகிறேன். 288 போதும் என்று நிறுத்தினேன்.

சிக்கல் நக்கிளில் இருந்தது. என் வண்டியின் பழைய எஃப்எஸ் 3 காலிப்பர் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் மேலேயே நேரடியாக அமர்கிறது, எஃப்என் 3க்குத் தனிக் கேரியரைப் போல்ட் போட்டு மாட்டும் காதுகள் கொண்ட வேறு நக்கிள் வேண்டும். ஆக்டேவியாவின் நக்கிள் போலோவின் சஸ்பென்ஷனுக்குப் பொருந்தாது. சென்னையில் பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமைகள் அலைந்ததில் காலிப்பரும் கேரியரும் நல்ல நிலையில் கிடைத்தன, நக்கிள் கிடைக்கவில்லை. பட்டறையில் பிராக்கெட் செய்து தருவதாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். எந்த இரும்பு, எவ்வளவு விசைக்குக் கணக்கிட்டது என்று கேட்டதற்கு "ஒண்ணும் ஆகாது சார்" என்பதே பதிலாக வந்தது, அந்தப் பதிலின் மேல் என் குழந்தைகளை உட்காரவைக்க மனம் ஒப்பவில்லை. கடைசியில் இங்கிலாந்தில் இருக்கும் மைத்துனர், விபத்தில் கழிக்கப்பட்ட ஒரு ஜிடிஐயின் நக்கிள் ஜோடியை வாங்கித் தன் பெட்டியில் கொண்டுவந்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். அவர் துணிகளைக் குறைத்துக்கொண்டு வந்த கடனை இன்னும் தீர்த்தபாடில்லை. பயன்படுத்திய நக்கிள் என்பதால் புதிய வீல் பேரிங் அழுத்திப் பொருத்தினோம், காலிப்பர் இரண்டையும் பிரித்துப் புதிய சீல் போட்டோம். பழைய பாகத்தில் மிச்சம் பிடித்த பணத்தை இந்த இரண்டிலும் மறுபடி செலவழிப்பவருக்குத்தான் பழைய பாகம் மலிவு.

டிஸ்க் துளையிட்டதா, கீறலிட்டதா, வெறுமையானதா, எதை வாங்குவது என்று கேட்பவர்கள் உண்டு. வெறுமையானதே போதும். துளை எடையைக் குறைக்கிறது, அதாவது நாம் பணம் கொடுத்து வாங்கிய வெப்பக் கொள்ளளவைக் குறைக்கிறது, கடும் வெப்பத்தில் வெடிப்பும் துளையிலிருந்துதான் தொடங்குகிறது.

பின்பக்க டிரம்மை டிஸ்காக மாற்றவில்லை. அங்கே வேலை குறைவு, வெப்பமும் குறைவு, கைப்பிரேக்கைப் புதிதாக அமைக்கும் செலவு மட்டும் அதிகம். ஷூவைச் சுத்தம் செய்து சரியாக அட்ஜஸ்ட் செய்ததே பெடலில் நன்றாகத் தெரிந்தது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் பேசாமல் விடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகவே படித்தது. பிரேக் டிஸ்கின் விட்டம் சான்றிதழில் எழுதப்படுவதில்லை என்று வாதாடலாம், ஆனால் விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் முன் அந்த வாதம் எவ்வளவு செல்லும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும். நான் என் காப்பீட்டாளருக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்தேன், ஒப்புகையை வைத்திருக்கிறேன். அதே குழுமம் அதே அடித்தளத்தில் விற்ற வண்டியின் பாகங்கள் என்று சொல்ல முடிந்தது எனக்கு ஓரளவு துணையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடித்தது வேலை. நக்கிளை மாற்றியதால் சக்கர அலைன்மென்ட்டும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. எடை பார்த்ததில் ஒரு சக்கரத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. எஃப்என் 3 முழு வார்ப்பிரும்பு, அதில் ஏமாற்றமில்லாமல் இருக்க முடியாது. மேடுபள்ளத்தில் முன்பக்கம் சற்றுக் கனமாகக் குதிப்பதை முதல் வாரம் உணர்ந்தேன், பிறகு பழகிவிட்டது. நாற்பதாயிரத்தில் மைத்துனரின் பெட்டிக்கூலியைச் சேர்க்காமல் இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சியது, அதுவும் அலைன்மென்ட்டோடு கரைந்தது.

புதிய பேட்டையும் டிஸ்கையும் ஒன்றோடொன்று பழக்குவதற்குப் பலர் பொறுமை காட்டுவதில்லை. அதிகாலையில் ஆளில்லாத சாலையில், பின்னால் யாரும் வராதபோது, மிதமான வேகத்திலிருந்து உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுத்துப் பத்து முறை செய்தேன். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவைத்தேன். இப்படிச் செய்யும்போது பேட்டின் மெல்லிய படலம் டிஸ்கில் சீராகப் படிகிறது, பேட்டைப் பிணைத்திருக்கும் பிசினில் மிச்சமிருக்கும் வாயுவும் வெளியேறுகிறது. சூடான நிலையில் பெடலை மிதித்தபடி நின்றுவிட்டால் படலம் ஓரிடத்தில் தடித்துப் படிந்து ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தளத்திலும் ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவைத்து, நிறுத்திய பிறகு கைப்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன்.

அதே தளம், அதே டயர், அதே எட்டுச் சுற்று. சக்கரத்தைக் கழற்றியபோது பச்சை வெளுத்திருந்தது, ஆரஞ்சு மாறாமல் அப்படியே இருந்தது. டிஸ்க் 560 டிகிரியை எட்டவில்லை. பேட் இப்போது சாய்வில்லாமல் சமமாகத் தேய்கிறது. சாலையில், ஆளில்லாத இடத்தில், முன்பு அளந்த அதே இடத்தில் நின்ற தூரத்தை மறுபடி அளந்து பார்த்தேன். எதிர்பார்த்தபடியே ஒரு மாற்றமும் இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்த நண்பர் ஒருவர் "பெரிய பிரேக் போட்டதே தெரியலையே" என்றார். ஐந்தாவது சுற்றில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துச் செல்ல வேண்டும்.

கழற்றிய 256 மி.மீ. பாகங்கள் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. வண்டியை விற்கும் நாளில் அவற்றையே மாட்டித் தருவதாக எண்ணம்.